முதல் மாரத்தானும் முதல் ரசீதுப் புத்தகமும்

வாசகர் கேள்வி – பதில்

ஜூன் மாதத்தில் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தைச் சாலையோரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஜூலையில் ஓட்ட ஆசை பிடித்துக்கொள்வது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆண்டுதோறும் காணும் காய்ச்சல்தான். இம்முறை வந்த கடிதங்களில் பல, ஓடுவதோடு ஏதேனும் ஒரு நற்பணிக்குப் பணமும் திரட்ட விரும்புகிறவர்களிடமிருந்து வந்தவை. ஆகவே இவ்விதழின் பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

*

கேள்வி: அன்புள்ள ஐயா, எனக்கு வயது 43; சாட்ஸ்வொர்த்தில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற ஆண்டு என் அம்மா புற்றுநோயால் காலமானார். கடைசி 11 வாரங்கள், இறுதிக்கட்ட நோயாளிகளைக் கவனிக்கும் ஹாஸ்பிஸ் அமைப்பின் தாதியர் வீடு தேடி வந்து, ஒரு காசும் வாங்காமல் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த அமைப்புக்காகப் பிப்ரவரியில் ஒரு மாரத்தான் ஓடுவதாகக் குடும்பத்தார் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். உண்மையில் நான் பஸ்ஸைப் பிடிப்பதற்குக்கூட ஓடியதில்லை. 7 மாதங்களில் இது நடக்கிற காரியமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நடக்கிற காரியம்தான், அம்மா. முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். இந்த மாகாணத்தில் மாரத்தான் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது காம்ரேட்ஸ். பெயரில் மாரத்தான் இருந்தாலும் அதன் தூரம் வேறு: டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக விக் கிளாப்ஹாம் 1921 மே 24 அன்று தொடங்கிய அந்த ஓட்டத்தில், முதல் ஆண்டு புறப்பட்ட 34 பேரில் 16 பேரே முடித்தார்கள். (இந்திய வம்சாவளியினரான நம்மவர்களும் ஆப்பிரிக்கர்களும் பெண்களும் அதில் முறைப்படி இடம்பெற 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது தனிக் கதை.) நீங்கள் ஓடப்போவது 42.195 கிலோமீட்டர். உங்கள் உறவினர்கள் "காம்ரேட்ஸா ஓடுகிறாய்?" என்று கேட்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியால் உசுப்பப்பட்டு முதல் ஆண்டிலேயே முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு.

காலணி வாங்கும் முன் மருத்துவரிடம் செல்லுங்கள். நாற்பதைக் கடந்து, இதுவரை உடற்பயிற்சியே இல்லாதவர், இரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததுண்டா என்பன பற்றியெல்லாம் அவரிடம் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதன் பிறகு வாரத்தில் 3 நாட்கள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம்: 1 நிமிடம் மெல்ல ஓடி 2 நிமிடம் நடக்க வேண்டும். இது மிகவும் எளிதாக இருக்கிறதே என்று முதல் வாரத்திலேயே தோன்றும், தோன்றட்டும். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் பிடிக்கும். முதல் மூன்று மாதங்களில் அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் மூச்சு கொடுத்த துணிச்சலில் காலை ஏமாற்றியவர்கள்.

வேகத்தைக் கண்டறியக் கைக்கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்று வைத்த பீன்ஸ் கறியின் செய்முறையை முழு வாக்கியங்களாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரி, "வெங்காயம்... தக்காளி..." என்று ஒவ்வொரு சொல்லாக விழுந்தால் நடக்கத் தொடங்குங்கள். செப்டம்பர் நடுவில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட முடிந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். அதன் பின் வாரத்தின் நடுவே இரண்டு அல்லது மூன்று சிறிய ஓட்டங்களும், ஞாயிறன்று ஒரு நீண்ட ஓட்டமும் போதும். அந்த நீண்ட ஓட்டம்தான் பயிற்சியின் முதுகெலும்பு. செப்டம்பர் இறுதியில் 10 கிலோமீட்டர், அக்டோபர் முடிவில் 14, நவம்பரில் அரை மாரத்தானாகிய 21, டிசம்பரில் 24 அல்லது 26, ஜனவரியில் 30 என்று படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுங்கள். 30 கிலோமீட்டருக்கு முன்னரே 4 மணி நேரம் ஆகிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கிடைப்பது பெரும்பாலும் களைப்பு மட்டுமே. பந்தயத்திற்கு முந்தைய 3 வாரங்களில் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த மூன்று வாரங்கள்தான் மனத்துக்கு மிகக் கடினமானவை. ஓடாமல் இருப்பது குற்றம்போலத் தோன்றும், இல்லாத வலியெல்லாம் காலில் இருப்பதுபோலத் தெரியும்.

முழுத் தூரத்தைப் பயிற்சியில் ஓடிப் பார்க்காமலே பந்தயத்திற்குப் போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம், போகவும் வேண்டும். ஆனால் 30 கிலோமீட்டருக்குப் பிறகு உடலில் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொண்டு போக வேண்டும். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கலோரி என்பது தோராயக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு முழு ஓட்டத்திற்கும் சுமார் 2,500 கலோரி செலவாகும். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தாகச் சேர்த்துவைத்திருப்பது சுமார் 2,000 கலோரி அளவுதான். கொழுப்பும் கை கொடுக்கும் என்றாலும், அதை எரிப்பது மெதுவான வேலை. வேகமாகத் தொடங்கியவரின் மாவுச்சத்து 30க்கும் 35க்கும் இடையே தீர்ந்துபோகிறது. கால் ஈயமாகிறது, கண் முன்னால் உள்ள மேடு மலையாகிறது. இதற்கு மருந்து இரண்டே: மெதுவாகத் தொடங்குவதும், முதல் அரை மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தைச் சிறிது சிறிதாக உட்கொள்வதும். ஓட்டக்காரர்களுக்கென்று சிறு பைகளில் விற்கும் இனிப்பு ஜெல்தான் வேண்டும் என்பதில்லை. வாழைப்பழம், உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, கோக் எல்லாம் நம் ஊர்த் தண்ணீர் மேசைகளில் வழக்கமாகக் கிடைப்பவையே. எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதை டிசம்பர் ஞாயிறுகளிலேயே வயிற்றுக்கு அறிமுகப்படுத்திவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நானே பட்டிருக்கிறேன். நம் ஓட்டங்களில் தண்ணீர் சிறிய பிளாஸ்டிக் பைகளில் வரும்; மூலையைப் பல்லால் கடித்து, பிழிந்து குடிக்க வேண்டும். என் முதல் மாரத்தானில், பிப்ரவரியின் கோடை வெயிலுக்குப் பயந்து, மேசைக்கு இரண்டு பை என்று கணக்கு வைத்துக் குடித்தேன். 34ஆம் கிலோமீட்டரில் கல்யாண மோதிரம் விரலில் இறுகி அசைய மறுத்தது. வயிற்றில் தண்ணீர் குடத்தில்போலக் குலுங்கியது. தலைவலி பொறுக்க முடியாமல் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். வறட்சி என்று எண்ணி யாரோ இன்னும் ஒரு பையை நீட்ட, அதையும் குடித்தேன்! அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போவது உயிருக்கே ஆபத்தானது. நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் இதைக் கண்டு உலகிற்கு முதலில் எடுத்துச் சொன்ன ஆய்வு, கேப் டவுனைச் சேர்ந்த மருத்துவர் டிம் நோக்ஸும் அவருடைய குழுவினரும் 1985இல் வெளியிட்டது. நமக்கு அருகிலேயே கிடைத்த பாடம் அது. தாகம் எடுத்தால் குடியுங்கள். எடுக்காவிட்டால் பையைத் தலையில் பிழிந்துகொள்ளுங்கள். நீண்ட ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: சற்றுக் குறைந்திருப்பது இயல்பு, கூடியிருந்தால் நீங்கள் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ஓட்ட நாளில் வலிக்காக இபுபுரோஃபென் வகை மாத்திரைகளை விழுங்குவதும் வேண்டாம். உடல் நீர் இழந்திருக்கும் வேளையில் அவை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும்.

நேரக் கெடுவையும் பார்த்துப் பதிவு செய்யுங்கள். சில மாரத்தான்கள் 5 மணி நேரத்தில் சாலையை மூடிவிடும். சில 6 மணி நேரத்திற்கு மேலும் காத்திருக்கும். நீங்கள் தேட வேண்டியது இரண்டாவது வகை. ஐந்தரை மணி நேரத்தில் முடிப்பதென்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 49 விநாடி. இடையிடையே நடந்தாலும் எட்டக்கூடிய வேகம் அது. கிளப் உறுப்பினராக இல்லாவிட்டால், பதிவின்போதே தற்காலிக உரிமம் வாங்க வேண்டியிருக்கும். ஓட்டத்தன்று, ஒருவர் கொடியோ பலகையோ பிடித்து முன்னால் ஓட, ஒரே வேகத்தில் கூட்டமாகச் செல்பவர்களைப் பார்ப்பீர்கள். தென்னாப்பிரிக்க ஓட்டக்காரர்கள் அதை "பஸ்" என்றும், முன்னால் ஓடுபவரை "டிரைவர்" என்றும் சொல்வார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்த பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். கடைசியில் வரும் நிஜ பஸ், கெடுவுக்குள் வர முடியாதவர்களை ஏற்றிச் செல்வது. அதில் இடம் எப்போதும் இருக்கும்.

*

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, ஃபீனிக்ஸில் எங்கள் கோயில் இளைஞர் சங்கத்திலிருந்து 6 பேர் ஓடுகிறோம். முதியோர் இல்லம் ஒன்றுக்குப் பணம் சேர்க்க எண்ணம். கிலோமீட்டருக்கு 10 ரேண்ட் என்று வாக்குறுதி வாங்கலாம் என்கிறார் செயலாளர். பணத்தை என் வங்கிக் கணக்கில் சேர்த்து மொத்தமாகக் கொடுப்பது எளிது என்கிறார் பொருளாளர். தங்கள் கருத்து என்ன?

பதில்: இருவர் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற வாக்குறுதி கேட்பதற்கு விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் 25ஆம் கிலோமீட்டரில் காலில் ஏதோ முறிகிறது என்று உணரும் இளைஞன், இன்னும் 17 கிலோமீட்டர் ஓடினால் முதியோர் இல்லத்திற்கு இவ்வளவு ரேண்ட் கூடும் என்று கணக்குப் போடுவான். அந்தக் கணக்கு அவன் நொண்டிக்கொண்டே தொடரக் காரணமாகிவிடும். மேலும், ஓட்டம் முடிந்தபின் வீடு வீடாகச் சென்று வாக்குறுதியை வசூலிப்பது ஓட்டத்தைவிடக் கடினம். எவ்வளவு கொடுக்க விருப்பமோ அதை முன்கூட்டியே, முழுத் தொகையாக, ஓட்டத்தின் முடிவோடு முடிச்சுப் போடாமல் கேளுங்கள்.

இரண்டாவது, பணம் உங்கள் கணக்குக்கு வரவே கூடாது. இது உங்கள் நேர்மையைப் பற்றிய ஐயம் அன்று. அந்த முதியோர் இல்லம் பொதுநல அமைப்பாக வருமான வரித் துறையிடம் பதிவு பெற்று, வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின் கீழ் ஒப்புதலும் பெற்றிருந்தால், நன்கொடையாளர் தம் வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை நன்கொடையைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கான ரசீதை அந்த இல்லம்தான் தர முடியும். எல்லோருடைய பணத்தையும் நீங்கள் சேர்த்து உங்கள் பெயரில் கட்டினால், ரசீதும் உங்கள் பெயரில்தான் வரும். கொடுத்தவர்கள் அனைவரும் அந்தச் சலுகையை இழப்பார்கள். ஆகவே இல்லத்தின் கணக்கு எண்ணையும், உங்கள் சங்கத்துக்கென்று ஒரு குறிப்புச் சொல்லையும் கொடுத்து, நேரடியாகச் செலுத்தச் சொல்லுங்கள். பேக்-எ-படி, கிவன்கெயின் போன்ற இணைய வழிகளும் உண்டு. பிடித்தம் எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தொடங்குமுன் இல்லத்தின் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். அவர்களுடைய பதிவு எண்ணையும், 18ஏ ஒப்புதல் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா நற்பணி அமைப்புகளுக்கும் அந்த ஒப்புதல் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனாலும் நம்மவர்களில் மூத்தவர்கள் ரொக்கத்தைக் கையில் திணித்துவிடுவார்கள். அதற்கு எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்று வேண்டும். நான் முதன்முறை வசூலித்தபோது ரசீது இல்லை. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் பெயர் எழுதினேன். ஒரு சனிக்கிழமை மழையில் அது நனைந்து, 4 பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. கடைசியில் கையில் இருந்த ரொக்கத்துக்கும் படிக்க முடிந்த பெயர்களுக்கும் 350 ரேண்ட் வேறுபாடு. என் கைப்பணத்தைப் போட்டுச் சரிக்கட்டினேன். இருந்தும், என்னிடம் கொடுத்து நான் மறந்துவிட்ட யாரோ ஒருவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது.

பிரியாணி டிக்கெட் விற்பது நம் ஊர்களில் கைகண்ட முறை. செய்யுங்கள், அரிசி, எண்ணெய், டப்பா ஆகியவற்றின் செலவைத் தனியாக எழுதி, இலாபத்தை மட்டும் நன்கொடை என்று சொல்லுங்கள். டிக்கெட் வாங்கியவர் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தவர்; அவருக்கு 18ஏ ரசீது கிடைக்காது என்பதையும் முன்பே தெரிவித்துவிடுங்கள். உங்கள் 6 பேரின் பதிவுக் கட்டணத்தையும் காலணியையும் இந்தப் பணத்திலிருந்து எடுக்கவே கூடாது. குலுக்கல் சீட்டு என்றால் அது லாட்டரிச் சட்டத்துக்கு உட்பட்டது. இல்லத்தின் நிர்வாகத்தைக் கேளாமல் அச்சடிக்க வேண்டாம்.

*

கேள்வி: ஐயா, மெர்பேங்கில் வசிக்கிறேன். புரட்டாசி முழுவதும் வீட்டில் மரக்கறி மட்டும்தான். சனிக்கிழமைகளில் ஒரு வேளை உணவு. என் பயிற்சி சரியாக அந்த மாதத்தில் கடினமாகிறது. "ஒரு மாதம் முட்டையாவது சாப்பிடு" என்கிறார் என் பயிற்சியாளர். விரதத்தை விடவும் மனமில்லை, ஓட்டத்தை விடவும் மனமில்லை.

பதில்: இரண்டையும் விட வேண்டாம், சனிக்கிழமை ஓட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். விரத நாள் ஓய்வு நாளாக இருக்கட்டும். நீண்ட ஓட்டத்தை ஞாயிறன்று வைத்துக்கொள்வதாயின், சனிக்கிழமையின் அந்த ஒரு வேளையை மாலையில் சாப்பிடுங்கள். சோறும் பருப்பும் தாராளமாக இருக்கட்டும். அதுவும் இயலாதென்றால் அந்த நான்கைந்து வாரங்களுக்கு நீண்ட ஓட்டத்தைச் செவ்வாய்க்கோ புதனுக்கோ மாற்றுங்கள். தண்ணீரும் அருந்தாத விரதம் இருப்பவர்கள் அன்று ஓடவே கூடாது.

மரக்கறி உணவால் ஓட முடியாது என்பது பயிற்சியாளரின் பழக்கம் பேசுகிற பேச்சு. சுகர் பீன்ஸ் கறி, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, பனீர், அமாசி எனப்படும் புளித்த பால் ஆகியவற்றில் புரதத்துக்குக் குறைவில்லை. காலை ஓட்டத்திற்கு முன் மீலி மீல் எனப்படும் மக்காச்சோள மாவில் செய்த புளிக்கஞ்சியில் சிறிது சர்க்கரை போட்டுக் குடித்துப் பாருங்கள். வயிற்றில் கனக்காது, மாவுச்சத்தும் கிடைக்கும். ஆடிக்கூழ் ஊற்றும் வீடுகளில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் பெண் என்றால் இரும்புச்சத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது. பயறு வகைகளோடு எலுமிச்சை சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட உடனே தேநீர் குடிக்கும் வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

*

கேள்வி: டோங்காட்டில் இருக்கிறேன், வயது 56. 8 ஆண்டுகளாக நீரிழிவு. மெட்ஃபார்மினோடு க்ளிக்லாசைடும் எடுத்துக்கொள்கிறேன். சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி திரட்ட அரை மாரத்தானும், பின்னர் முழு மாரத்தானும் ஓட விருப்பம். மகன் தடுக்கிறான்.

பதில்: மகனை அழைத்துக்கொண்டே மருத்துவரிடம் செல்லுங்கள், ஐயா. தடுக்கிறவரும் அதே அறையில் உட்கார்ந்து கேட்பது நல்லது. கண், சிறுநீரகம், இதயம், பாத உணர்வு ஆகிய நான்கையும் பார்த்த பின்னர்தான் ஓட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்கள் இரு மாத்திரைகளும் ஒன்றுபோல் வேலை செய்பவை அல்ல. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்வது அரிது. க்ளிக்லாசைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லித் தூண்டுவது. ஓட்டமும் சர்க்கரையைக் குறைக்க, அதுவும் குறைக்க, இரண்டும் சேர்ந்து உங்களைக் கீழே இழுத்துவிடலாம். நீண்ட ஓட்ட நாளில் அதன் அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புறப்படும் முன் விரலில் குத்திப் பாருங்கள்: (நம் நாட்டுக் கருவிகள் காட்டும் மில்லிமோல்/லிட்டர் கணக்கில்) 5க்குக் கீழே இருந்தால் ஏதேனும் சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் பொறுங்கள். 4க்குக் கீழே என்றால் அன்றைய ஓட்டம் இல்லை. இடுப்புப் பையில் குளுக்கோஸ் மாத்திரையும், உங்கள் நோயையும் மகனின் தொலைபேசி எண்ணையும் எழுதிய ஓர் அட்டையும் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், எரிச்சலான பேச்சு எல்லாம் ஓட்டக்காரருக்கு இயல்பாகவே வருபவை. ஆகவே ஐயம் வந்தால் முதலில் இனிப்பைப் போட்டுக்கொண்டு பிறகு யோசியுங்கள். நீண்ட ஓட்டத்தின் பின் அன்றிரவுகூடச் சர்க்கரை தாழலாம், படுக்கும் முன் மறுபடியும் பாருங்கள். வீடு திரும்பியதும் காலுறையைக் கழற்றி, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். உணர்வு மங்கிய காலில் கொப்புளம் வலிக்காது.

*

கேள்வி: தீ மிதித்த கால்களுக்குக் காலணி எதற்கு? எங்கள் பாட்டனார் கரும்புத் தோட்டத்திலிருந்து வெறுங்காலோடு மைல் கணக்கில் நடந்தவர்கள். 2,500 ரேண்ட் கொடுத்துக் காலணி வாங்குவதைவிட அந்தப் பணத்தையும் நற்பணிக்கே கொடுக்கலாமே! (இசிபிங்கோ வாசகர்)

பதில்: எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார், 1964இல் டோக்கியோவில் காலணியோடு ஓடி மீண்டும் வென்றார். இரண்டும் முடியும் என்று தெரிகிறது. ஆனால் பாட்டனார் குழந்தைப் பருவத்திலிருந்து வெறுங்காலோடு நடந்தவர். நீங்கள் எழுதிய கடிதத்தின் உறையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் முத்திரை இருக்கிறது. விலை மிகுந்ததுதான் சிறந்தது என்பதில்லை. சென்ற ஆண்டு மாடலைக் கழிவு விலையில் வாங்குங்கள், விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு. 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும்.

*

கேள்வி: அண்ணா, எனக்கு 24 வயது. வேலைக்குப் போகும் முன் அதிகாலை ஐந்து மணிக்கு ஓடினால்தான் உண்டு. தனியாக விடமாட்டேன் என்கிறார் அம்மா.

பதில்: அம்மா சொல்வது சரி, தங்கையே. இருட்டில் தனியாக ஓட நானும் ஒருவரையும் அனுப்ப மாட்டேன், ஆண்களையும் சேர்த்துத்தான். அருகிலுள்ள ஓட்டக் கிளப்பில் சேருங்கள். பெரும்பாலான கிளப்கள் வேலை நாட்களில் அதிகாலையிலேயே கூட்டமாக ஓடுகின்றன, ஒளி பிரதிபலிக்கும் மேலங்கியும் அங்கே கட்டாயம். சனிக்கிழமை காலை பார்க்ரன் இருக்கிறது. 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. நம் நாட்டில் 2011இல் அதைத் தொடங்கிவைத்தவர் காம்ரேட்ஸை 9 முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ். நார்த் பீச்சில் அதற்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கும் நடக்க ஆசை வரும்; ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

*

கேள்வி: ஐயா, பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேலிலிருந்து எழுதுகிறேன். இன்னும் 5 வாரங்களில் என் முதல் மாரத்தான். குழந்தைகள் இல்லம் ஒன்றுக்காக இதுவரை 18,000 ரேண்ட் சேர்ந்துவிட்டது. 10 நாட்களாக வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உட்புறத்தில், ஒரே இடத்தில் வலி. முதலில் ஓடும்போது மட்டும் இருந்தது. இப்போது படியிறங்கும்போதும் இரவிலும் வலிக்கிறது. ஓடாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? வலியை மறைத்துக்கொண்டு ஓடிவிடலாமா?

பதில்: விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் எலும்பு வலி, அதுவும் ஓய்விலும் இரவிலும் தொடரும் வலி என்றால், அழுத்தத்தால் எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம் என்று கருதியே நடக்க வேண்டும். இன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். தொடக்க வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருப்பது வழக்கம். அடுத்த சோதனை தேவையா என்று கேளுங்கள். விரிசல்தான் என்றால் 6 முதல் 8 வாரங்கள் ஓய்வு. மறைத்துக்கொண்டு ஓடினால் அது முறிவாகி, மாதக்கணக்கில் கட்டோடு இருக்க நேரலாம்.

பணத்தைப் பற்றி: அந்த 18,000 ரேண்ட் குழந்தைகளுக்காகக் கொடுக்கப்பட்டது. உங்கள் பதக்கத்தை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. இன்னும் உங்கள் கையில் ரொக்கம் ஏதேனும் இருந்தால், ஓட்ட நாளுக்காகக் காத்திராமல் நாளையே இல்லத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். பிறகு கொடுத்த ஒவ்வொருவருக்கும் நீங்களே எழுதுங்கள். அவர்கள் வேறொருவர் வாயால் கேட்கக் கூடாது. கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். இவ்வளவு போதும்: "என் காலில் காயம் ஏற்பட்டதால் மருத்துவர் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார். தாங்கள் கொடுத்த தொகை இத்தேதியில் இல்லத்தில் சேர்க்கப்பட்டது. ரசீதின் நகல் இத்துடன் உள்ளது. நான் ஓடுவதற்காகவே கொடுத்தேன் என்று தாங்கள் கருதினால் தயங்காமல் சொல்லுங்கள், என் கைப்பணத்திலிருந்து திருப்பித் தருகிறேன்." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இத்தனை ஆண்டுகளில் நான் அறிந்தவரை அந்த வரியைப் படித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவரும் மறுவாரம் இரட்டிப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஓட்டத்தன்று வீட்டில் உட்கார்ந்து வருந்த வேண்டாம். தண்ணீர் மேசைக்கு ஆள் எப்போதும் போதாது. நாற்காலி ஒன்று கேட்டு உட்கார்ந்துகொண்டு, பைகளின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி நீட்டுங்கள். 34ஆம் கிலோமீட்டரில் வருகிறவருக்குப் பல்லால் கடிக்கவும் தெம்பு இருக்காது.